147 போய்விட்டது, பலகை மட்டும் மாறவில்லை: ஒரு மேல்நகல் பிழையைத் தேடிய மூன்று இரவுகள்

சிங்கப்பூர் ஹவ்காங்கில் அம்மா வீட்டு ஹாலில், தொலைக்காட்சிக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு மின்தாள் திரை மாட்டியிருக்கிறேன். கீழே உள்ள பேருந்து நிறுத்தத்துக்கும் சாலைக்கு எதிர்ப்பக்க நிறுத்தத்துக்கும் அடுத்து வரும் பேருந்துகள் எத்தனை மணிக்கு வரும் என்று அது காட்டும். அம்மாவுக்குக் கைபேசியில் செயலியைத் திறந்து, நிறுத்தத்தைத் தேடி, சின்ன எழுத்தைப் படிப்பதெல்லாம் சிரமம். வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோவிலுக்கும் மற்ற நாளில் தேக்கா சந்தைக்கும் 147 என்ற எண்ணுள்ள பேருந்தைப் பிடிப்பார், முழங்கால் வலியோடு நிறுத்தத்தில் இருபது நிமிடம் நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காகச் செய்ததுதான் இந்தப் பலகை.

உள்ளே இருப்பது ராஸ்பெர்ரி பை சீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினி, 512 எம்பி நினைவகம். திரையைப் பொருத்தும் கம்பி, பின் எல்லாம் சிம் லிம் டவரில் வாங்கினேன். தரவு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவுச் சேவையிலிருந்து வருகிறது. இலவசமாகப் பதிவு செய்தால் ஒரு சாவி தருவார்கள், ஐந்து இலக்க நிறுத்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால் ஒவ்வொரு சேவைக்கும் அடுத்த மூன்று பேருந்துகளின் உத்தேச வருகை நேரமும், உட்கார இடம் உண்டா, நிற்கத்தான் இடமா, அதுவும் குறைவா என்ற நெரிசல் தகவலும் கிடைக்கும். நிரல் முழுக்கப் பைத்தான் மொழியில்.

மின்தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதனால்தான். அதில் படம் மாற்றும்போது திரை கறுப்பும் வெள்ளையுமாகச் சிலமுறை மின்னி, சில விநாடி கழித்துத்தான் நிலைக்கு வரும். முப்பது விநாடிக்கு ஒருமுறை அப்படி மின்னினால் ஹாலில் யாரும் உட்கார முடியாது, திரைக்கும் நல்லதல்ல. அதனால் இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, 'இன்னும் 6 நிமிடம்' என்று காட்டாமல் '10:42' என்று மணியையே காட்டுவது. நிமிடக் கணக்கு என்றால் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், மணி என்றால் பேருந்து முந்தினாலோ பிந்தினாலோ கடந்து போனாலோ மட்டும் மாறும், அதோடு அம்மாவுக்குச் சுவர்க் கடிகாரம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு, கடைசியாக வரைந்த நிலவரத்தையும் இப்போதைய நிலவரத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மட்டும் வரைவது.

இந்த இரண்டாவது முடிவில்தான் பிழை புகுந்தது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காலை பத்து மணி சுமாருக்கு அம்மா அழைத்தார். "ஏம்மா, உன் பலகைல 147 ஒன்பது பதினொண்ணுன்னே நிக்குது. மணி இப்ப பத்தாயிருச்சு. நான் நம்பலாமா வேணாமா?" வேலையிடத்தில் இருந்ததால், மின்சாரத்தை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டதும் சரியான நேரம் வந்தது, அம்மா தேக்காவுக்குக் கிளம்பிவிட்டார். மாலையில் மறுபடி அதே புகார். "நம்பலாமா வேணாமா" என்ற கேள்வி எனக்கு ரொம்ப நேரம் உள்ளே இருந்தது. நேரம் காட்டாத பலகைகூடப் பரவாயில்லை, வெற்றுத் திரை என்று தெரிந்துவிடும். பழைய நேரத்தை உறுதியாகக் காட்டுகிற பலகை ஒரு வயதானவரை வெயிலில் நிறுத்திவிடும்.

முதல் இரவு வீணானது. செங்காங்கிலிருந்து வேலை முடிந்து நேராக அங்கே போய், வைஃபை விட்டுவிடுகிறதா என்று பார்த்தேன், ஏனென்றால் அந்த ஹாலில் சமிக்ஞை அவ்வப்போது விடுவது உண்மைதான். பதிவுக் கோப்பைத் திறந்தால் முப்பது விநாடிக்கு ஒருமுறை தரவு தவறாமல் வந்திருக்கிறது, வந்த நேரங்களும் சரி. அப்புறம் திரையின் ரிப்பன் வயரைக் கழற்றி மாட்டினேன். திரையின் கட்டுப்பாட்டு நூலகத்தைப் புதுப்பித்தேன், இப்போது நினைத்தால் அதைத் தொட்டிருக்கவே கூடாது, இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. எதுவும் சரியாகவில்லை என்பதால் அந்தக் குழப்பமாவது வரவில்லை.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதிவுக் கோப்பைக் கைபேசியில் இழுத்து, அம்மா அழைத்ததற்கு முந்தைய நாளின் 'வரைந்தேன்' என்ற வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தேன். காலை ஐந்தரையிலிருந்து ஆறு மணிக்குள் நாலைந்து முறை. அப்புறம் 6:32. அப்புறம் 9:04. அதன் பிறகு ஒன்றுமே இல்லை, நேராக 17:31. பிறகு 20:02. நள்ளிரவை ஒட்டி மறுபடி நாலைந்து முறை. இது வன்பொருள் கோளாறு மாதிரி இல்லவே இல்லை, யாரோ அட்டவணை போட்டு வரைகிற மாதிரி இருந்தது. பேருந்து நிறுத்தத்தை அறிந்தவர்களுக்கு இந்த நேரங்கள் சட்டென்று பிடிபடும். விடிகாலையில் சேவைகள் ஒவ்வொன்றாகத் தொடங்குகின்றன, நள்ளிரவில் ஒவ்வொன்றாக முடிகின்றன, கூட்ட நேரத்தில் மட்டும் ஓடும் சேவை ஒன்று காலையும் மாலையும் வந்து போகிறது. அதாவது, பட்டியலில் ஒரு பேருந்து எண் புதிதாகச் சேரும்போதும் நீங்கும்போதும் மட்டும் என் நிரலுக்கு 'ஏதோ மாறியிருக்கிறது' என்று தெரிகிறது. இருக்கிற எண்ணுக்குள் நேரம் மாறினால் தெரியவில்லை.

அந்த இடத்திலேயே எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு நிரலின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

முதல் பதிப்பில் ஒவ்வொரு முறையும் தரவு வந்ததும் புத்தம் புதிதாக ஒரு டிக்ஷனரி கட்டினேன், அதாவது ஒரு சாவியைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தரும் தொகுப்பு. பேருந்து எண் சாவி, அதன் மதிப்பு இன்னொரு டிக்ஷனரி, அதற்குள் 'வருகைகள்' என்று மூன்று நேரங்கள் கொண்ட லிஸ்ட், அதாவது வரிசைப் பட்டியல். பழையது ஒன்று, புதியது ஒன்று, இரண்டும் தனித்தனிப் பொருள், ஒப்பீடு சரியாக வேலை செய்தது. ஆனால் வைஃபை ஒரு தடவை விட்டால் பலகை முழுக்கக் கோடு கோடாகிவிடும். அது பிடிக்காமல், 'வந்ததை மட்டும் மாற்று, வராததை இருந்தபடி விடு' என்று மாற்றினேன். அதாவது ஒரே நிலவர டிக்ஷனரியை வைத்துக்கொண்டு, அதன் உள்ளே இருக்கும் லிஸ்டில் நேரங்களை இருந்த இடத்திலேயே மாற்றி எழுதுவது. நல்ல மேம்பாடுதான், இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அதோடு, 'இனிமேல் பழையதும் புதியதும் ஒரே பொருள் ஆகிவிடுமே' என்று அப்போதே யோசித்து, ஒவ்வொரு சுற்றிலும் காப்பி() என்ற மெத்தடால் நகல் எடுத்து, அந்த நகலைக் கடைசியாக வரைந்த நகலோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் அதிலிருந்தே வரைந்தேன். நகல் எடுத்தாயிற்று, அதனால் பாதுகாப்பு என்று நம்பினேன்.

டிக்ஷனரியின் காப்பி() எடுப்பது மேல்நகல், ஷாலோ காப்பி. வெளி டிக்ஷனரி புதிது. அதற்குள் 147 என்ற சாவி சுட்டுகிற உள் டிக்ஷனரி பழையதேதான்.

அம்மா வீட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து இதை நேரில் பார்த்தேன். பைத்தானில் ஐடி() என்று ஒன்று உண்டு, நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சிபைத்தான் என்ற பைத்தான் வடிவத்தில் அது பொருளின் நினைவக முகவரியையே தருகிறது. நிலவரத்தின் ஐடியையும் நகலின் ஐடியையும் அச்சிட்டேன், வேறு வேறு எண்கள். நிலவரத்துக்குள் 147-இன் ஐடி, நகலுக்குள் 147-இன் ஐடி, இரண்டும் 4672 என்று முடிகிற ஒரே எண். வருகைகள் லிஸ்டுக்கும் அப்படியே. ஆக, நான் 'முந்தைய நிலவரம்' என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருந்ததற்குள் இப்போதைய நிலவரமே உட்கார்ந்திருந்தது. நேரத்தை மாற்றியதும் இரண்டு பக்கமும் ஒன்றாக மாறிவிடும், ஒப்பிட்டால் சமம், வரைய வேண்டியதில்லை. எண் சேரும்போதும் நீங்கும்போதும் மட்டும் வெளி டிக்ஷனரி வேறுபடும், வரையும். பதிவுக் கோப்பில் பார்த்த அட்டவணைக்கு இதுதான் காரணம்.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் சித்தி மகன் அன்று அங்கேதான் இருந்தான். "அக்கா, காப்பி எடுத்தா ரெண்டா ஆகிடும்தானே, அப்புறம் எப்படி ஒண்ணு மாறினா இன்னொண்ணும் மாறும்?" என்று கேட்டான். அவனுக்கு அம்மாவின் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினேன். புளோக் கீழே சாவி வெட்டுகிற கடைக்குப் போய், இந்தக் கொத்தில் உள்ள எல்லாச் சாவிக்கும் மாற்றுச் சாவி வெட்டிப் புது வளையத்தில் கோத்துக்கொள்கிறோம். கொத்து இரண்டு. வீடு ஒன்று. உன் கொத்தில் நீ ஒரு சாவியைக் கூடுதலாகச் சேர்த்தால் என் கொத்து மாறாது. ஆனால் நீ உன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே போய் நாற்காலியை நகர்த்தினால், நான் என் சாவியால் திறந்து பார்க்கும்போதும் நாற்காலி நகர்ந்துதான் இருக்கும். மேல்நகல் என்பது புதுக் கொத்து. ஆழ்நகல், அதாவது டீப் காப்பி, என்பது ஒவ்வொரு வீட்டையும் உள்ளே இருக்கும் சாமானோடு வேறு இடத்தில் மறுபடி கட்டி, அந்தப் புது வீடுகளுக்குச் சாவி செய்து கோப்பது. சும்மா சமக்குறி போட்டு ஒதுக்கினால் கொத்துகூடப் புதிதில்லை, ஒரே கொத்துக்கு இரண்டு பெயர்.

அவன் உடனே, போன பருவத்தில் அவன் செய்த பணியில் ஒரு விளையாட்டுக் கட்டம் வரைந்தபோது ஒரு கட்டத்தை நிரப்பினால் முழு நெடுவரிசையும் நிரம்பியதைச் சொன்னான். பைத்தானில் மூன்று பூச்சியம் கொண்ட ஒரு லிஸ்டை எழுதி, அதை இன்னொரு லிஸ்டுக்குள் போட்டு நான்கால் பெருக்கினால் நான்கு வரிசை வந்த மாதிரி தெரியும். உண்மையில் ஒரே வரிசையை நான்கு இடத்திலிருந்து சுட்டுகிறோம். இதுவும் அதே குடும்பம்தான். ஒவ்வொரு வரிசையையும் ஒரு சுற்றுக்குள் புதிதாகக் கட்டினால் போய்விடும். அவனுக்கு அது அப்போதுதான் புரிந்தது, முகத்தில் தெரிந்தது, எனக்கு அன்றைய இரவின் மிக நல்ல நேரம் அதுதான்.

சரி, பழுதுக்கு வருவோம். பைத்தானோடு வரும் காப்பி என்ற மாட்யூலை, அதாவது நிரல் தொகுப்பை, இறக்கி, மெத்தடை நீக்கிவிட்டு அதிலுள்ள டீப்காப்பி போட்டேன். ஓட்டியதும் நின்றுவிட்டது. பிழைச் செய்தி, ஒரு த்ரெட் பூட்டைப் பிக்கிள் செய்ய முடியாது என்றது. த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள் மற்றதோடு சேர்ந்து ஓடும் தனி வேலை, பூட்டு என்பது இரண்டு த்ரெட் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொடாமல் காப்பது, பிக்கிள் என்பது பொருளைச் சேமிக்கத் தக்க பைட்டுகளாக மாற்றுவது. நான் பிக்கிள் எதுவும் செய்யவில்லையே என்று முதலில் விழிக்க வைக்கும் செய்தி இது. டிக்ஷனரி, லிஸ்ட், டூப்பிள் (கட்டிய பிறகு மாற்ற முடியாத வரிசை) மாதிரி தனக்குத் தெரிந்த வகைகளை டீப்காப்பி தானே நகலெடுக்கும். தெரியாத வகை எதிர்ப்பட்டால், அந்தப் பொருளுக்கென்று நகல் வழி எதுவும் எழுதப்படவில்லை என்றால், பிக்கிள் பயன்படுத்தும் அதே நெறிமுறையைக் கூப்பிடும். பூட்டுக்கு அந்த வழி கிடையாது, இருக்கவும் கூடாது, பூட்டிய நிலையில் உள்ள ஒரு பூட்டின் நகல் என்றால் என்ன பொருள்? தரவைக் கொண்டுவரும் த்ரெட் ஒன்று, வரையும் த்ரெட் ஒன்று என்பதால், ஒவ்வொரு பேருந்தின் உள் டிக்ஷனரியிலும் ஒரு பூட்டைப் போட்டு வைத்திருந்தேன். மேல்நகல் அதை எட்டிப் பார்க்கவே இல்லை, அதனால் இத்தனை நாள் தொந்தரவு தரவில்லை.

இங்கே இரண்டு வழி இருந்தது. நகலெடுக்கும் விதத்தை நாமே எழுதி, பூட்டை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம். நான் அதைச் செய்யவில்லை. பேருந்து நேரம் என்பது தகவல், பூட்டு என்பது இயந்திரத்தின் உறுப்பு, இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டதே தவறு என்று எனக்குப் பட்டது. கோப்பு, வலை இணைப்பு, தரவுத்தள இணைப்பு, எல்லாவற்றுக்கும் இதையே சொல்வேன். பூட்டுகளை எல்லாம் நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன்.

நாற்பது நிமிடம் நன்றாக ஓடியது. நேரம் மாறும்போதெல்லாம் திரை மாறியது. பிறகு, கூட்ட நேரச் சேவை முடிகிற நேரத்தில், 'சுற்றிவரும்போது டிக்ஷனரியின் அளவு மாறிவிட்டது' என்று சொல்லி விழுந்தது. இதற்கும் நகலின் ஆழம்தான் காரணம், அதனால் எழுதி வைக்கிறேன். டிக்ஷனரியின் காப்பி() ஒரே மூச்சில் முடிகிற வேலை, நாம் வழக்கமாக ஓட்டும் பைத்தானில் நடுவே இன்னொரு த்ரெட் நுழைய இடமில்லை. டீப்காப்பி அப்படியல்ல. அது பைத்தானிலேயே எழுதிய சுற்று, ஒவ்வொரு சாவியாகப் போய், உள்ளே இறங்கி, ஏறி, அடுத்ததற்குப் போகும். நடுவில் மற்ற த்ரெட் ஒரு எண்ணை நீக்கினால் உடைந்துவிடும். உடையாவிட்டால் அது இன்னும் மோசம், பாதி பழைய நேரமும் பாதி புதிய நேரமுமாக ஒரு நகல் கிடைக்கும், யாருக்கும் தெரியாது. ஆகவே நிலவரம் முழுமைக்கும் வெளியே ஒரே ஒரு பூட்டு வைத்தேன். எழுதுகிற த்ரெட்டும் நகலெடுக்கிற த்ரெட்டும் அதைப் பிடித்துக்கொண்டுதான் தொட வேண்டும். நகலெடுக்கச் சில மில்லி விநாடிதான், பிடித்திருப்பதில் நஷ்டம் இல்லை. வரைவது மட்டும் பூட்டுக்கு வெளியே, ஏனென்றால் அது விநாடிக் கணக்கு.

அப்புறம் மூன்றாவது வினோதம். எல்லாப் பேருந்தும் திரையின் வலப்பக்கத்தில் போய் அடைந்துகொண்டன. இடப்பக்கம் வீட்டுப்பக்க நிறுத்தம், வலப்பக்கம் எதிர்ப்பக்க நிறுத்தம் என்று வைத்திருந்தேன். ஒவ்வொரு பேருந்தின் டிக்ஷனரியும் தன் நிறுத்தத்தின் டிக்ஷனரியைச் சுட்டும், வரையும் பகுதியில் 'இது வீட்டுப்பக்க நிறுத்தமேதானா' என்று, இரண்டும் ஒரே பொருளா எனப் பார்க்கும் இஸ் போட்டுக் கேட்டு, ஆம் என்றால் இடது, இல்லை என்றால் வலது. ஆழ்நகல் எடுத்ததும் நிறுத்தமும் நகலாகிவிட்டது. அதே எண், அதே பெயர், ஆனால் வேறு பொருள். இஸ் கேட்டால் இல்லை என்றுதான் வரும், எல்லாம் வலதுக்குப் போய்விடும். மேல்நகல் எடுத்த காலத்தில் நிறுத்தம் நகலாகாததால் அந்தக் கேள்வி தற்செயலாகச் சரியான பதிலைத் தந்துகொண்டிருந்தது.

இதில் டீப்காப்பிக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அது கண்மூடித்தனமாக நகலெடுப்பதில்லை. தான் நகலெடுத்த ஒவ்வொரு பொருளையும் ஒரு நினைவுக் குறிப்பில் வைத்துக்கொள்ளும், அதே பொருளை மறுபடி சந்தித்தால் இன்னொரு நகல் எடுக்காமல் முதலில் எடுத்த நகலையே காட்டும். ஒரே நிறுத்தத்தைச் சுட்டிய பத்துப் பேருந்துகளும் நகலிலும் ஒரே (புது) நிறுத்தத்தைத்தான் சுட்டின, நான் ஐடி அச்சிட்டுப் பார்த்தேன். பொருள் தன்னையே சுற்றிச் சுட்டினாலும் முடிவில்லாமல் ஓடாது என்பதும் இந்தக் குறிப்பால்தான். நகலுக்குள் இருக்கும் உறவுகள் சிதையவில்லை. நகலுக்கும் வெளி உலகுக்கும் இருந்த உறவுதான் அறுந்தது. எது வரைக்கும் நகலாக வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும், மாட்யூலுக்குத் தெரியாது. நேரங்கள் நகலாக வேண்டும், ஏனென்றால் அவற்றில் இன்னொருவர் எழுதுகிறார். நிறுத்தம் நகலாகத் தேவையில்லை, அதில் யாரும் எழுதுவதில்லை. மேல்நகலும் தவறு, ஆழ்நகலும் தவறு, எனக்கு வேண்டியது நடுவில் எங்கோ இருந்தது.

மூன்றாம் இரவு காகிதத்தில் பெட்டி போட்டு, அம்புக்குறி வரைந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே 'இதில் யார் எழுதுகிறார்' என்று எழுதினேன். இதை முதல் இரவே செய்திருக்கலாம். காகிதத்தைப் பார்த்ததும் கேள்வியே மாறிவிட்டது. நான் ஏன் நிலவரம் முழுவதையும் ஒப்பிடுகிறேன்? திரையில் தெரிவது மாறினால்தானே வரைய வேண்டும்? நகலெடுக்க வேண்டியது நிலவரத்தை அல்ல, திரையில் என்ன எழுதப்போகிறேனோ அதை.

அதனால் டீப்காப்பியை நீக்கிவிட்டேன். அதற்குப் பதில் 'படம்பிடி' என்று ஒரு சின்னச் செயற்கூறு. பூட்டைப் பிடித்துக்கொண்டு நிலவரத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொரு பேருந்துக்கும் ஒரு டூப்பிள் கட்டும்: எந்தப் பக்கம், பேருந்து எண், முதல் வருகை மணி, இரண்டாம் வருகை மணி, நெரிசல் எழுத்து. எல்லாம் சரங்கள், அதாவது வெறும் எழுத்துத் தொடர்கள். இவற்றை வரிசைப்படுத்தி ஒரு பெரிய டூப்பிளில் போட்டுத் திருப்பித் தரும். பக்கம் இடதா வலதா என்பது இங்கேயே, நிறுத்த எண்ணை வைத்து, சமமா என்று கேட்டு முடிவாகிவிடுகிறது, இஸ் போயிற்று. கடைசியாக வரைந்த டூப்பிளும் புது டூப்பிளும் வேறாக இருந்தால் வரை. அவ்வளவுதான். டூப்பிளையும் சரத்தையும் யாரும் இருந்த இடத்தில் மாற்ற முடியாது, அதனால் 'இது ஆழமாக நகலானதா' என்ற கவலையே எழாது. இப்படி முழுக்க மாறாப் பொருள்களால் ஆன டூப்பிளை டீப்காப்பியிடம் கொடுத்தால் அதையேதான் திருப்பித் தரும், நகலெடுத்து என்ன பயன் என்று அதற்கும் தெரியும்.

இதில் ஒரு கூடுதல் நன்மை வந்தது, நான் எதிர்பார்க்கவில்லை. டேட்டாமாலிலிருந்து வரும் நேரத்தில் விநாடியும் உண்டு. 10:42:13 என்று இருந்தது அடுத்த முறை 10:42:31 ஆகும். ஆழ்நகலை ஒப்பிட்டபோது இதற்கெல்லாம் திரை மின்னியது, ஆனால் மின்னி முடித்ததும் எழுதியிருப்பது அதே 10:42. படம்பிடித்த டூப்பிளில் நிமிடம் வரைதான் இருக்கிறது, வீண் மின்னல் நின்றுவிட்டது.

டூப்பிளை நம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் முயற்சியில் நேரங்களைச் சரமாக்காமல், சோம்பலில் வருகைகள் லிஸ்டையே டூப்பிளுக்குள் போட்டுவிட்டேன். டூப்பிளின் இடங்களைத்தான் மாற்ற முடியாது, அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் லிஸ்டின் உள்ளே தாராளமாக எழுதலாம். பழைய பிழை அப்படியே திரும்பி வந்தது. இந்த முறை கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது, ஏனென்றால் அதற்குள் ஒரு சோதனை எழுதியிருந்தேன்: போலி நிலவரம் ஒன்று கட்டு, படம்பிடி, உள்ளே 147-இன் முதல் நேரத்தை மாற்று, மறுபடி படம்பிடி, இரண்டும் வேறாக இருக்க வேண்டும், முதல் படத்தில் பழைய நேரமே இருக்க வேண்டும். ஐந்தாறு வரி. காப்பி() போட்ட அன்றைக்கே இதை எழுதியிருந்தால் அம்மா பத்து மணிக்கு அழைத்திருக்க மாட்டார்.

டீப்காப்பியே வேண்டாம் என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன சோதனையில்கூட, மாதிரி நிலவரத்தை ஒவ்வொரு சோதனைக்கும் டீப்காப்பி எடுத்துத்தான் கொடுக்கிறேன், ஒன்று கெடுத்தது அடுத்ததைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக. உள்ளே வெறும் தகவல் மட்டும் இருந்து, எத்தனை அடுக்கு என்று தெரியாமல், வெளியே யாரோடும் உறவும் இல்லாத பொருள் என்றால் அது மிகச் சரியான கருவி.

இதே வாரத்தில் அமைப்புப் பக்கத்திலும் இதே பிழை இருப்பதைக் கண்டேன், தேடத் தொடங்கினால் கண்ணில் படும். எந்தப் பேருந்தைக் காட்ட வேண்டும், எந்த நேரம் வரை திரையை அமைதியாக வைக்க வேண்டும் என்று என் தங்கை தன் கைபேசியிலிருந்து மாற்ற, ஜாவாஸ்கிரிப்டில் சின்ன வலைப்பக்கம் ஒன்று உண்டு. அதில் 'ரத்து' அழுத்தினால் மாற்றங்கள் போக வேண்டும், சில போகும், சில போகாது. ஒரு பொருளின் புலங்களைப் புதுப் பொருளில் விரித்துப் போடும் மூன்று புள்ளி ஸ்பிரெட் போட்டு அமைப்பை நகலெடுத்திருந்தேன். அதுவும் மேல்நகல்தான். அமைதி நேரம் மேல் அடுக்கில் இருந்ததால் ரத்தானது, மறைக்க வேண்டிய பேருந்துகளின் பட்டியல் உள் அடுக்கில் இருந்ததால் ரத்தாகவில்லை. பலரும் செய்கிற மாதிரி ஜேசான் என்ற தரவு வடிவத்தில் சரமாக்கித் திரும்பப் பிரித்தெடுத்தேன், பட்டியல் சரியானது, ஆனால் தேதிப் பொருளாக இருந்த அமைதி நேரம் வெறும் சரமாகத் திரும்பி வந்து, அதனிடம் நேரம் கேட்ட இடத்தில் பக்கம் நின்றது. ஜேசானுக்குத் தேதி என்ற வகையே கிடையாது, மதிப்பற்ற அன்டிஃபைன்ட் புலங்களையும் அது விட்டுவிடும். கடைசியில் உலாவியே ஆழ்நகல் எடுத்துத் தரும் ஸ்டிரக்சர்டுகுளோன் போட்டேன். 2022-க்குள் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் வந்துவிட்ட ஒன்று. தேதி, மேப், செட் எல்லாம் அதே வகையாக வரும், சுற்றிச் சுட்டும் பொருளையும் தாங்கும். உள்ளே ஃபங்ஷன் இருந்தால் பிழை எறியும், கிளாஸில் செய்த பொருள் என்றால் அதன் மெத்தடுகள் இல்லாமல் வெறும் பொருளாக வரும். என் அமைப்பில் இரண்டும் இல்லை, அதனால் சரி.

சித்தி மகன் ஜாவா படிக்கிறான், அங்கே எப்படி என்று கேட்டான். ஆப்ஜெக்ட் வகுப்பின் குளோன் மெத்தடும் இயல்பாக மேல்நகல்தான் எடுக்கும், ஆழம் வேண்டுமென்றால் நாமே எழுத வேண்டும் என்றேன். சி பிளஸ் பிளஸில் இதைவிடக் கடுமை. கம்பைலர் தானாகத் தரும் நகல் வழி உறுப்பு உறுப்பாக நகலெடுக்கும், உறுப்பு ஒரு பாயின்டர், அதாவது நினைவக முகவரி, என்றால் அந்த முகவரிதான் நகலாகும், அழியும்போது அந்த நினைவகத்தை விடுவிக்கும்படி எழுதிய பொருள் என்றால், இரண்டு பொருளும் அழியும்போது ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவிக்கப் போய் நிரலே விழலாம். அங்கே பெரும்பாலும் விழுந்துவிடுவதால் கண்ணில் படுகிறது. பைத்தானில் விழாமல் பழைய நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் காலை பதிவுக் கோப்பில் 9:04-க்குப் பிறகும் 'வரைந்தேன்' வரிகள் வரிசையாக வந்திருந்தன. அன்று வெள்ளிக்கிழமை. பத்தரை மணிக்கு அம்மா பேருந்துக்குள்ளிருந்து அழைத்தார், பின்னால் கதவு மூடும் சத்தம் கேட்டது. "பத்து இருபத்தாறுன்னு போட்டுருந்துச்சு, இறங்கிப் போனேன், வந்துருச்சு. ஆனா உக்கார இடம் இருக்கான்னு காட்டுற எழுத்து பொடிசா இருக்கும்மா, அதைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் குடு."

சாயங்காலம் போய் எழுத்தைப் பெரிதாக்கினேன். வலப்பக்கம் இடம் போதவில்லை, எதிர்ப்பக்க நிறுத்தத்தின் இரண்டாம் வருகை நேரத்தை எடுத்துவிட வேண்டியிருந்தது. அம்மாவிடம் கேட்டேன், அது வேண்டாம் என்றார். டூப்பிளிலிருந்தும் அந்தப் பக்கத்துக்கு அதை நீக்கினேன், சோதனை ஓடியது, திரை ஒருமுறை மின்னி நின்றது.